மாடு தின்னாத நோட்டீஸ்

“ஒராளிட்டை அவரின்ரை பிள்ளை செத்துப்போச்செண்டு சொல்லிப்போட்டன், அக்கா. அழுதும் காட்டினன்.”

சாருஜா கதிரையின் விளிம்பில் இருந்தாள். மடியில் லப்டொப். கண்கள் கலங்கியிருந்தன. தக்சாயினி அதைப் பொருட்படுத்தவில்லை. அவளுடைய அலுவலகம் பலாலி வீதியில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேலே இருந்தது. படியேறி வருகிற எல்லாரும் கண் கலங்கித்தான் வருவார்கள். யார் உண்மையாக அழுகிறார்கள் என்று அறிய விரல்களைப் பார்க்கவேண்டும். சாருஜாவின் விரல்கள் லப்டொப் மூடியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தன.

“பிள்ளை மெய்யாச் செத்துப்போச்சோ?” தக்சாயினியின் ஓட்டோக்காரன் ஹிஷாம் கேட்டான்.

“இல்லை. இருக்கிறான்.”

“அப்ப நல்ல செய்தி. போய்ச் சொன்னால் ரீ குடுப்பினம்.”

தக்சாயினி அவனைப் பார்த்தாள். அவன் ஓட்டோத் திறப்பை மேசையில் வைத்துவிட்டு யன்னலோரம் போய் நின்றான்.

“ஆரிட்டைச் சொன்னனீர்?” தக்சாயினி கேட்டாள்.

“அதுதான் தெரியாது, அக்கா. அதுக்குத்தான் வந்தனான்.”

தக்சாயினி பல வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக விபத்துகளை விசாரித்தவள்; இப்போது தனியாக விசாரணை செய்கிறவள். பொய்யாகச் செத்தவர்கள் அவளுக்குப் புதிதல்ல. பொய்யாகச் செத்தவனுக்காக இன்னொருவர் அழுதது புதிது.

“தொடக்கத்திலையிருந்து சொல்லும்.”

“தொடக்கந்தான் பிரச்சினை,” என்றாள் சாருஜா.

கம்பஸில் அவளுக்கு இறுதி வருடம். ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். முழுப் படம் வேண்டாம். முதல் இரண்டு நிமிடம். பார்க்கிறவன் எழும்பிப் போகக்கூடாது. அவளிடம் ஓட்டக் காரும் இல்லை, சுடத் துவக்கும் இல்லை. நண்பன் பிரகாஸிடம் ஒரு கமரா இருந்தது. நடிக்க வந்த அருட்செல்வனிடம் ஒரு முகமும் சைக்கிளும் இருந்தன.

“ஒருத்தன் காலமை சைக்கிளிலை போறான். மதிலிலை ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். பாத்துக்கொண்டு போறான். கொஞ்சம் தள்ளிப் போய் பிறேக் பிடிக்கிறான். இறங்கி, சைக்கிளைப் பின்னாலை உருட்டிக்கொண்டு வாறான். நோட்டீஸிலை அவன்ரை முகம்.”

“நல்லாயிருக்கு,” என்றான் ஹிஷாம். “எங்கடை ஆக்களிலை எடுக்கேலாது. காலமை மௌத்தானால் பின்னேரம் அடக்கம். பசை காயமுதல் ஆள் மண்ணுக்குள்ளை.”

“நோட்டீஸிலை என்ன பேர்?” தக்சாயினி கேட்டாள்.

“சிவநேசன். பொய்ப் பேர். படம் அருட்செல்வன்ரை. அடியிலை தகவலுக்கு ஒரு நம்பர் வேணும். பொய் நம்பர் போட்டால் பாவம், ஆற்றையோ வீட்டிலை அடிக்கும். அதாலை என்ரையைப் போட்டன்.”

“அந்த நம்பருக்கு ஆரோ கதைச்சவை. எப்ப?”

சாருஜா தலையாட்டினாள். “நேற்றுப் பின்னேரம். வயசான குரல். ‘பிள்ளை, உது மெய்யோ?’ எண்டார். நான் பிரகாஸ் எண்டு நினைச்சன். அவன் குரல் மாத்திக் கதைப்பான். நானும் விடேல்லை. ‘ஓம் ஐயா, மெய்தான்’ எண்டு அழுதன். ‘வீட்டை கொண்டருவினமோ’ எண்டார். ‘இல்லை ஐயா, நேரா மயானத்துக்கு’ எண்டன். பிறகு, ‘விறகு சொல்லியாச்சோ?’ எண்டு கேட்டார்.”

“நீர்?”

“‘இல்லை’ எண்டன். போனை வைச்சிட்டுச் சிரிச்சன்.”

கீழே மில் நின்றது. பிறகு அது மீண்டும் ஓடத் தொடங்கியது.

“காலமை பிரகாஸைக் கேட்டன். தான் கதைக்கேல்லை எண்டான். அந்த நம்பருக்கு அடிச்சுப் பாத்தன். அடிக்குது, ஒருத்தரும் எடுக்கினமில்லை. அருட்செல்வன்ரை அறைக்குப் போனன். அவன் போனை நிப்பாட்டி வைச்சிருக்கிறான். கதவும் திறக்கேல்லை. உள்ளுக்கிருந்து ‘உடம்பு சரியில்லை, பிறகு வா’ எண்டான். உனக்கு அப்பா இருக்கிறாரோ எண்டு கேட்டன். தனக்கு ஒருத்தரும் இல்லையாம்.”

“அப்ப ஆரோ பொழுதுபோகாமல் கதைச்சிருக்கலாம்,” என்றான் ஹிஷாம்.

“பொழுதுபோகாதவன் வருத்தம் சொல்லுவான்,” என்றாள் தக்சாயினி. “விறகு சொல்லியாச்சோ எண்டு கேக்கிறவன் பொறுப்பெடுக்கிறவன். சரி, நோட்டீஸ் எல்லாம் இப்ப எங்கை?”

“கம்பஸுக்குப் பின் ஒழுங்கையிலை ஒட்டினனாங்கள். அறையிலையே கோதுமை மாப் பசை காய்ச்சி. செவ்வாய்க்கிழமை சூட்டிங். முடிஞ்சு ரீ குடிச்சிட்டுக் கிழிக்க வந்தால், மாடு திண்டிட்டுது. ஒண்டும் மிச்சமில்லை.”

“கண்ணீர் அஞ்சலியை அசைபோட்ட மாடு,” என்றான் ஹிஷாம். “அதையும் எடுத்தனீங்களோ?”

“பிரகாஸ் எடுத்தவன்.”

“உங்கடை படத்திலை அதுதான் திறமான நடிப்பாயிருக்கும்.”

தக்சாயினி கையை உயர்த்தினாள். “செவ்வாய்க்கிழமை மாடு திண்டதை வெள்ளிக்கிழமை ஒருத்தர் வாசிச்சிருக்கிறார். அப்ப வேறை ஒரு நோட்டீஸ் இருக்கு. எங்கை எண்டுதான் பாக்கோணும். உம்மடை படத்தைப் போடும்.”

சாருஜா லப்டொப்பைத் திறந்தாள்.

சைக்கிள் வந்தது. மதில் வந்தது. அருட்செல்வன் தன் முகத்தைத் தானே பார்த்தான். மெலிந்த, தாடி வளர்ந்த முகம். சைக்கிளை விழவிட்டு ஓடினான். அடுத்த காட்சியில் அவன் ஒரு வாழைத்தோட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தான். யாரோ துரத்துவதைப் போல முகம் முழுக்கப் பின்னால் திரும்பியிருந்தது.

“நிப்பாட்டும். திரும்பப் போடும்.”

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

“பின்னாலை பாத்துக்கொண்டு ஓடுறான். முன்னுக்கு வாய்க்கால். தாண்டுறான். முன்னுக்கு வாழைக்குக் கட்டின கயிறு. குனியிறான். பிறகும் ஒரு வாய்க்கால். ஒருக்காலும் முன்னுக்குப் பாக்கேல்லை. இதை எத்தினை தரம் எடுத்தனீங்கள்?”

“ஒரு தரந்தான். அவன் நல்ல நடிகன், அக்கா.”

“முகம் நடிக்கும். கால் நடிக்காது. தோட்டத்தை ஆர் தேடிப் பிடிச்சது?”

“அவன்தான். நீர்வேலியிலை தெரிஞ்ச ஆளின்ரை தோட்டமாம். விடிய ஒருத்தரும் வராயினம் எண்டான்.”

“தெரிஞ்ச ஆள்தான்,” என்றாள் தக்சாயினி. “திறப்பை எடு, ஹிஷாம்.”

“நான் ஓடியிருந்தால் முதல் வாய்க்காலிலையே படம் முடிஞ்சிருக்கும்,” என்று சொல்லிக்கொண்டு அவன் படியிறங்கினான்.

*

ஓட்டோ இருபாலையைத் தாண்டியது. கோப்பாயையும் தாண்டியது. சாருஜா அந்த நம்பருக்கு இன்னொரு முறை அடித்தாள். இந்த முறை மணி போகவில்லை. போன் நின்றுவிட்டிருந்தது.

“சார்ஜ் போயிருக்கும்,” என்றான் ஹிஷாம் கண்ணாடியில் பார்த்து.

வேறு காரணங்களும் இருக்கலாம் என்று மூவருக்கும் தெரியும்.

தோட்டத்துக்குப் போகிற ஒழுங்கை சிவப்பு மண். ஒரு பக்கம் வாழை. மறுபக்கம் சீமெந்துக்கல் மதில், பூசாதது. மதில் முடிகிற இடத்தில் வேலிக் கதியாலில் ஒரு மாடு கட்டியிருந்தது. மாட்டின் வாய்க்கு எட்டுகிற தூரத்தில் நோட்டீஸ் இருந்தது. ஒரு மூலைகூடக் கிழியவில்லை.

சாருஜா கிட்டப் போனாள். “என்ரை நம்பர். நாங்கள் எடுத்த படம். ஆனால் இது நாங்கள் அடிச்சதில்லை.”

நோட்டீஸில் சிவநேசன் இல்லை. நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் திருநெல்வேலியை வதிவிடமாகவும் கொண்ட இராசநாயகம் அருட்செல்வன் இருந்தான். அவனுடைய அறையின் விலாசமும் இருந்தது. அடியில், பெட்டி கட்டி, ஒரு வரி. அன்னாரின் தகனக்கிரியை சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு ஊர் இந்து மயானத்தில் நடைபெறும்.

“இண்டைக்குச் சனிக்கிழமை,” என்றாள் சாருஜா.

தக்சாயினி சந்திவரை நடந்துபோய்த் திரும்பினாள். கடைச் சுவர், மின்கம்பம், பஸ் தரிப்பிடம், வாசிகசாலை மதில். பழைய நோட்டீஸ்கள் நிறைய இருந்தன. இந்த முகம் எங்கும் இல்லை.

“சந்தியிலை ஒட்டாத சாவு,” என்றாள். “ஊருக்கு அறிவிக்கிறதுக்குத்தான் நோட்டீஸ். இது ஊருக்கில்லை. இந்த ஒழுங்கையாலை தோட்டத்துக்குப் போற ஒராளுக்கு மட்டும்.”

ஹிஷாம் மாட்டின் கயிற்றைப் பிடித்து மதிலோடு கொண்டுவந்தான். மாடு நோட்டீஸை மணந்து பார்த்தது. மூக்கால் ஊதியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“இவருக்கு இந்தச் சாவிலை நம்பிக்கையில்லை, அக்கா.”

“விளிம்பைப் பார்.”

பசை கசிந்த இடத்தில் மெல்லிய நீலம் படிந்திருந்தது.

“மயில்துத்தம்,” என்றாள் தக்சாயினி. “பசைக்குள்ளை போட்டால் மாடு வாய் வைக்காது. கம்பஸ் பிள்ளையளுக்கு உது தெரியாது. நோட்டீஸ் ஒட்டியே பிழைக்கிறவைக்குத் தெரியும். எங்கை அடிச்சனீங்கள்?”

“கிறகோரி அண்ணையின்ரை அச்சகத்திலை.”

“நம்பரை எடுத்து வையும். முதல் அந்த மனுசன் எங்கை எண்டு பாப்பம்.”

தோட்டத்தின் பின்னால் ஒரு சின்னக் கல்வீடு இருந்தது. வாசல் படலை கம்பியால் கட்டியிருந்தது. கூப்பிட்டார்கள். பதில் இல்லை. ஹிஷாம் கம்பியை அவிழ்த்தான்.

முற்றத்தில் வெயில் அதிகமாக இருந்தது. ஏன் என்று தெரிய ஒரு கணம் எடுத்தது. நடுமுற்றத்தில் ஒரு மாமரம் தறிக்கப்பட்டிருந்தது. அடிக்கட்டையில் பால் இன்னும் வடிந்தது. கொப்புகளை ஒரு பக்கம் குவித்திருந்தார்கள். அதில் முற்றாத காய்கள் குலைகுலையாகக் கிடந்தன. மரத்தைக் காணவில்லை. கட்டையிலிருந்து படலைவரை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் சில்லுத்தடம் போயிருந்தது.

“காய்க்கிற மரம்,” என்றாள் சாருஜா. “ஏன் தறிச்சவர்?”

தக்சாயினி ஹிஷாமைப் பார்த்தாள். அவன் பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

“செத்தவீட்டுக்குத் தறிப்பினம்,” என்றான் மெதுவாக. “காய்க்கிற மாமரத்தை வேறை ஒண்டுக்கும் தறிக்காயினம்.”

சாருஜா அந்தக் கட்டைக்கு முன்னால் குந்தினாள். “விறகு சொல்லியாச்சோ எண்டு கேட்டவர். நான் இல்லை எண்டன்.”

“ஓம்.”

“பகிடிக்கு, அக்கா.”

“ஓம்.”

ஆறுதல் சொல்வது தக்சாயினியின் தொழில் இல்லை. சொன்னாலும் அந்த மரம் எழும்பாது.

சாருஜா எழுந்தாள். “மயானத்துக்குப் போவம். காலிலை விழுந்து எல்லாத்தையும் சொல்லுறன்.”

“என்னெண்டு சொல்லுவீர்? உங்கடை மகன் சாகேல்லை எண்டோ? நேற்றுச் செத்தது மெய் எண்டனீர். இண்டைக்குப் பொய் எண்டுவீர். இனி அந்த மனுசன் வாய்ச்சொல்லை நம்பாது. ஆளைக் கொண்டுபோய் முன்னுக்கு விடோணும். அச்சகத்துக்கு அடியும். ஸ்பீக்கரிலை போடும்.”

கிறகோரி உடனே எடுத்தார். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“ஓம் பிள்ளை, ரெண்டாந்தரம் ஒண்டு அடிச்சது. புதன்கிழமை. ஒண்டே ஒண்டு காணும் எண்டான்.”

“ஆர் வந்தது?” தக்சாயினி கேட்டாள்.

“செத்தவன்தான்.”

சாருஜா போனை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“செத்தவன்தான் வந்து பேரை மாத்து, பிறந்த ஊரை மாத்து எண்டு நிண்டு அடிப்பிச்சவன். படத்துக்கு எண்டான். போகேக்கை எங்கடை பசையிலையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனவன். முதல் ஒட்டினதை மாடு திண்டிட்டுதாம்.”

“மயானம், நாள், நாலு மணி எல்லாம் அவன் சொன்னதோ?”

“இல்லையில்லை. அது நான் போட்டது.”

“ஏன்?”

கிறகோரி யோசித்தார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். “மயானம் இல்லாமல் என்னெண்டு நோட்டீஸ் அடிக்கிறது, பிள்ளை? அடியிலை இடம் வெறுமையாக் கிடக்குது. பிறந்தது நீர்வேலி எண்டால் அந்தப் பக்கத்து மயானம். வேலை நாளிலை ஆர் வருவினம்? அதாலை சனிக்கிழமை. எப்பவும் நாலு மணிதான். எத்தினை வருசமா அடிக்கிறன். கை தானாய்ப் போட்டிட்டுது.” மெஷின் சத்தம் நின்றது. “ஏன், பிழைச்சுப்போச்சோ?”

தக்சாயினி போனை வாங்கி நிறுத்தினாள்.

“அருட்செல்வனோ?” என்றாள் சாருஜா. “தன்ரை சாவைத் தானே? ஏன்?”

“அவனைத்தான் கேக்கோணும்.”

*

திருநெல்வேலியில், கம்பஸுக்குப் பின்னால், ஒரு வீட்டின் பக்கவாட்டு அறை. ஓட்டோ நின்ற சத்தத்துக்கே கதவு திறந்தது. அருட்செல்வன் வாசலில் நின்றான். திரைப்படத்தில் இருந்த தாடி இல்லை. வழித்திருந்தான். சேட் மடிப்புக் கலையாமல் இருந்தது.

வந்தவர்களைப் பார்த்ததும் முகம் இறங்கியது.

தக்சாயினி அவனைக் கடந்து உள்ளே பார்த்தாள். அறை கூட்டியிருந்தது. மேசையில் ஒரு சுடுதண்ணிப் போத்தல். கழுவிக் கவிழ்த்த இரண்டு கோப்பைகள். அறையின் ஒரே கதிரையைக் கதவுக்கு நேரே போட்டிருந்தான்.

“மற்றக் கோப்பை ஆருக்கு?”

அவன் சாருஜாவைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

“அப்பா வரேல்லை,” என்றான். “வியாழக்கிழமை விடிய ஒட்டினனான். வாசிச்சால் ஓடி வருவார் எண்டு நினைச்சன். விலாசம் போட்டிருந்தனான். அடிச்சாலும் பரவாயில்லை, ஏசினாலும் பரவாயில்லை. கதவைத் தட்டினால் காணும் எண்டு. ரெண்டு நாளாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“போனை ஏன் நிப்பாட்டினனீர்?”

“செத்தவன் போன் எடுக்கக்கூடாது.”

“கொப்பர் ஏன் உம்மோடை கதைக்கிறேல்லை?”

அவன் கட்டிலில் போய் இருந்தான். சுருக்கமாகச் சொன்னான். பலதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தவன்போல. அம்மா செத்தபோது அவன் கொழும்புக் குழு ஒன்றின் சூட்டிங்கில் எடுபிடியாக நின்றான். சூட்டிங்கில் எல்லாரும் போனை நிறுத்தி ஒரு பெட்டிக்குள் போடவேண்டும். இரண்டு நாள் காட்டுக்குள். இரண்டு நாளும் அப்பா அடித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பிரேதத்தை எடுத்துவிட்டார்கள். ஒரே மகன். கொள்ளி வைத்தது பெரியப்பாவின் பெடியன். அருட்செல்வன் வந்தபோது முற்றத்தில் பந்தல் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

“‘நீ என்ரை சாவுக்கும் வராதை’ எண்டார். அதுக்குப் பிறகு கதைக்கேல்லை.” அவன் கையை விரித்தான். “என்ரை சாவுக்கு அவர் வருவாரோ எண்டு பாத்தன். வரேல்லை. சரி, தெரிஞ்சுபோச்சு.”

ஹிஷாம் தன் போனில் எடுத்திருந்த நோட்டீஸின் படத்தை அவனுக்கு நீட்டினான்.

“கடைசி வரியை வாசி, தம்பி.”

“ஏன்? இது நான்...” அவன் வாசித்தான். திரும்ப வாசித்தான். “இதை நான் போடேல்லை.”

“அடிச்சு வாங்கேக்கை வாசிக்கேல்லையோ?”

“படம் வடிவா வந்திருக்கோ எண்டு மட்டும் பாத்தன்.”

“அவர் வாசிச்சவர்,” என்றாள் சாருஜா. “எனக்குப் போன் எடுத்தவர். மெய்யோ எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டன். வீட்டை கொண்டரமாட்டம் எண்டன். அதுதான் இஞ்சை வரேல்லை. முற்றத்து மாமரத்தைத் தறிச்சு ஏத்திக்கொண்டு போட்டார், அருள்.”

“எந்த மாமரம்?”

“நடுமுற்றத்திலை நிண்டது.”

“அது அம்மா வைச்ச...” அவன் முடிக்கவில்லை. செருப்பைத் தேடினான். ஒன்றுதான் கிடைத்தது. அதையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டோவுக்குள் ஏறினான்.

*

ஹிஷாம் ஓட்டோவை மயானப் பக்கம் விட்டான். சாருஜாவும் அருட்செல்வனும் பின் இருக்கையில் ஆளையாள் பார்க்காமல் இருந்தார்கள். நடுவில் தக்சாயினி.

மயானம் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. தகரக் கூரை போட்ட மேடை. சுற்றிவர வெளி. கேற்றடியில் லாண்ட்மாஸ்ரர் நின்றது. அதன் இழுவைப் பெட்டி காலியாக இருந்தது.

மேடையில் விறகு அடுக்கியிருந்தது. நெட்டுக்கும் குறுக்குக்குமாக, இடைவெளி விட்டு, அளவாக. அடிமரத்தை மட்டும் பிளக்காமல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு மனிதர் இருந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். தோளில் துவாய். காலடியில் கோடாலி. வீதிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வரவேண்டிய ஊர்வலத்தைப் பார்க்கிறவர்போல.

“நாலாகேல்லை,” என்றான் ஹிஷாம். நேரம் சொன்னானா, நன்றி சொன்னானா என்று தெரியவில்லை.

தக்சாயினி கேற்றடியிலேயே நின்றாள். சாருஜாவையும் கையால் மறித்தாள். அருட்செல்வன் தனியே போனான்.

இராசநாயகம் எழும்பவில்லை. வருகிறவனுடைய கால்களைத்தான் முதலில் பார்த்தார். வெறுங்கால்கள். சிவப்புப் புழுதி படிந்திருந்தது. நிலத்தில் முட்டின. கனநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் முகத்துக்கு வந்தார்.

“அப்பா.”

அவன் கிட்டப் போய் நின்றான்.

“நோட்டீஸ் நான்தான் ஒட்டினனான். நீங்கள் வருவியளோ எண்டு பாக்க.”

இராசநாயகம் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். மடித்துத் திரும்பத் தோளில் போட்டார்.

“வரமாட்டன் எண்டு ஆர் சொன்னது?”

“நீங்கள்தான் சொன்னனீங்கள்.”

“என்ரை சாவுக்கு வராதை எண்டுதான் சொன்னனான்,” என்றார். “உன்ரைக்கு வரமாட்டன் எண்டு சொல்லேல்லை.”

அருட்செல்வன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். தகப்பன் அவனைத் தூக்கவில்லை. தொடவும் இல்லை. அடுக்கியிருந்த விறகைப் பார்த்தார்.

“பச்சை,” என்றார். “எரிஞ்சிருக்காது. தெரிஞ்சுதான் தறிச்சனான். கொம்மாவின்ரை மரம். உனக்கு வேறை என்ன இருக்கு என்னட்டைத் தர.”

பிறகு எழும்பினார். கோடாலியை எடுத்து லாண்ட்மாஸ்ரருக்குள் வைத்தார்.

“ஏத்து.”

அருட்செல்வன் ஏற்றினான். ஒவ்வொன்றாக மேடையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டான். ஹிஷாம் உதவிக்குப் போக ஒரு அடி வைத்தான். தக்சாயினி தலையசைத்தாள். அவன் நின்றான். பால் வடிந்து மடிப்புக் கலையாத சேட் கறுத்துப்போனது. கடைசியில் அடிமரம் மிஞ்சியது. அவன் ஒரு தலைப்பைப் பிடித்துப் பார்த்தான். அசையவில்லை. இன்னொரு தரம் பிடித்தான். இராசநாயகம் வந்து மற்றத் தலைப்பைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

போகும்போது கேற்றடியில் அவர் நின்றார். மூன்று பேரையும் பார்த்தார்.

“படமோ எடுக்கிறியள்?”

“ஓம் ஐயா,” என்றாள் சாருஜா.

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அதிலை இவனுக்குப் பிறகு என்ன நடக்குது?”

“தெரியாது ஐயா. தொடக்கம் மட்டுந்தான் எடுத்தனாங்கள்.”

அவர் தலையாட்டினார். “நீயோ பிள்ளை, போனிலை அழுதது?”

அவளுடைய கண்கள் நிறைந்துவிட்டன. இங்கே மிளகாய் மில் இல்லை.

“ஓம் ஐயா.”

“நல்ல வடிவா அழுதனி,” என்றார்.

லாண்ட்மாஸ்ரர் புறப்பட்டது. தகப்பன் கைபிடியைப் பிடித்து ஓட்டினார். மகன் பின்னால் விறகின்மேல், அவருக்கு முதுகு காட்டி இருந்தான். செம்மண் ஒழுங்கையில் அது மெதுவாகப் போனது. சத்தம் மறையக் கனநேரம் எடுத்தது.

ஹிஷாம் ஓட்டோவுக்குள் ஏறித் திறப்பைப் போட்டான். திருகவில்லை.

“ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம், அக்கா,” என்றாள் சாருஜா. “ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பன்.”

தக்சாயினி அவளுடைய விரல்களைப் பார்த்தாள்.

“ஏசிப்போட்டுத்தான் போறார்,” என்றாள். “ஏறும்.”